நூறில் ஏழு போனால்: முதியோரின் மறதியை அளக்கும் கணக்கும் சாதியும்

(இளைஞர்களுக்கான வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள். வருகிற விடையிலிருந்து மீண்டும் ஏழைக் கழியுங்கள். இப்படி ஐந்து முறை. இப்போது நான் சொன்ன மூன்று பொருட்களின் பெயரைச் சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள். இன்றைய தேதி, மாதம், ஆண்டு சொல்லுங்கள். இந்த அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து, அதன்படி செய்யுங்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள்.

இது பள்ளித் தேர்வு இல்லை. முதியவர் ஒருவருக்கு மறதிநோய் இருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்கும் சோதனை. 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு, உலகம் முழுவதும் பரவியது. மொத்தம் 30 மதிப்பெண். 24க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது வழக்கமான வெட்டுப்புள்ளி.

இந்த அட்டையை வாழ்நாளில் பென்சிலே பிடித்திராத ஒரு மூதாட்டியிடம் நீட்டினால் என்ன ஆகும்? அவரது கையில் பென்சில் ஏன் போய்ச் சேரவில்லை? இந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முதல் கேள்வியை மருத்துவ ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். இரண்டாவது கேள்வியை அவர்கள் கேட்பது குறைவு. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

ஏன் வீடு வீடாகப் போக வேண்டும்?

மறதிநோய், பார்க்கின்சன், பக்கவாதம் போன்ற நரம்பியல் நோய்கள் ஒரு சமூகத்தில் எவ்வளவு என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டுவது ஒன்று. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகச் சென்று எல்லோரையும் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் மக்கள்தொகை சார்ந்த ஆய்வு என்கிறோம்.

பதிவேடு யாரைக் காட்டும்? பேருந்துக்குக் காசு இருந்தவரை, கூட வர ஆள் இருந்தவரை, ஒரு நாள் கூலியை இழக்க முடிந்தவரைக் காட்டும். வராதவர் அதில் இல்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்நகரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் 1,02,557 பேரை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லா வயதினரும் அடங்கிய ஆய்வு அது. நரம்பியல் நோய்கள் நகரத்தில் லட்சத்துக்கு 2,190 பேருக்கு; கிராமத்தில் லட்சத்துக்கு 4,070 பேருக்கு. ஏறக்குறைய இரண்டு மடங்கு. நரம்பியல் மருத்துவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நோய் ஓரிடத்திலும் மருத்துவர் வேறோரிடத்திலும் இருக்கும் நாட்டில், பதிவேட்டை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால் அது யாருக்கான திட்டமாக இருக்கும்?

ஆக, வீடு வீடாகப் போவது ஒரு ஜனநாயக வேலை. ஆனால் போகிறவர் கையில் எந்த அளவுகோல் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

அளவுகோலின் கோணல்

அமெரிக்காவிலேயே 18,000க்கும் மேற்பட்டவர்களிடம் இந்த 30 மதிப்பெண் சோதனையை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 1993இல் வெளிவந்தது. ஒன்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ பள்ளிக்குப் போனவர்களில் வரிசையின் நடுவில் நிற்பவர் எடுத்தது 29. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் படித்தவர்களில் 26. நான்கு ஆண்டுகளோ அதற்கும் குறைவாகவோ படித்தவர்களில் 22.

வெட்டுப்புள்ளி 24 என்பதை மறந்துவிடாதீர்கள். நான்காம் வகுப்பைத் தாண்டாதவர்களில் நடுவில் நிற்கும் ஆளே, நோய் ஏதும் இல்லாமலே, 'சந்தேகத்துக்குரியவர்' ஆகிவிடுகிறார். மூளையை அளப்பதாகச் சொல்லும் கோல் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து அளக்கிறது.

இந்தக் கோணலைச் சரிசெய்ய நம் நாட்டில் நடந்த முயற்சிகளில் முக்கியமானது அரியானாவின் பல்லப்கரில் நடந்தது. அங்குள்ள கிராமங்களில் 55 வயதைக் கடந்த 5,126 பேரை இந்திய - அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று ஆராய்ந்தது. அவர்களில் 73.3 விழுக்காட்டினர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பழைய அட்டை அங்கே செல்லாது. எனவே சோதனையை இந்தியில் புதிதாகச் செய்தார்கள். 'படித்துப் பார்த்து அதன்படி செய்' என்ற இடத்தில், 'என் முகத்தைப் பார், நான் செய்வதைச் செய்' என்று சொல்லிச் சோதனையாளர் கண்ணை மூடிக் காட்டினார். 'ஒரு வாக்கியம் எழுது' என்ற இடத்தில், 'உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்' என்றார்கள். எளிய மாற்றம்தான். ஆனால் 'உனக்கு எழுதத் தெரியாதது உன் மூளையின் குறை' என்று சொல்லாத மாற்றம்.

1998இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு பலரை வியக்க வைத்தது. 65 வயதைக் கடந்தவர்களில் மறதிநோய் வெறும் 1.36 விழுக்காடு. இந்தியக் கிராமத்தில் மறதிநோயே அரிது என்று பலர் மகிழ்ந்தார்கள். மஞ்சளின் மகிமை, கூட்டுக்குடும்பத்தின் மகிமை என்றெல்லாம் பேசினார்கள்.

ஆனால் ஒரு சமூகத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை குறைவாக இருக்க இரண்டு காரணங்கள் இருக்கலாம். நோய் வருவது குறைவாக இருக்கலாம். அல்லது நோய் வந்தவர் சீக்கிரம் இறந்துவிடலாம். இரண்டாவது காரணத்தில் மகிழ ஒன்றும் இல்லை. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு: நோய் கண்ணெதிரே இருந்தும் அதற்கு நோய் என்ற பெயர் கிடைக்காமல் போகலாம்.

'வயசானா அப்படித்தான்'

அந்த மூன்றாவது காரணத்தை வெளிக்கொண்டு வந்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள். மக்கள்தொகை ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியது இல்லை. பெயருக்குள்ளேயே குற்றச்சாட்டு இருக்கிறது.

இக்குழு ஏழு நாடுகளில் 11 இடங்களில், 65 வயதைக் கடந்த 14,960 பேரை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டது. இந்தியாவில் சென்னையிலும் வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்திலும் தலா ஏறத்தாழ 1,000 பேர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறையை வைத்துப் பார்த்தபோது இந்தியக் கிராமப்புறத்தில் மறதிநோய் 0.3 விழுக்காடுதான். கியூபாவில் 6.3. ஆனால் கல்விக் குறைவைக் கணக்கில் கொண்டு குழுவே உருவாக்கிய வரையறையை வைத்துப் பார்த்தபோது, அதே வேலூர்க் கிராமங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேர்.

அதே மனிதர்கள், அதே வீடுகள். ஒரு வரையறையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, இன்னொன்றில் பத்துப் பேர். எப்படி?

முதல் வரையறை, 'நோயால் இவருடைய அன்றாட வாழ்க்கை கெட்டிருக்க வேண்டும்' என்று நிபந்தனை போடுகிறது. அதை வீட்டாரிடம்தான் கேட்க முடியும். நம் வீடுகளில் பாட்டியிடம் என்ன எதிர்பார்க்கிறோம்? திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும். சோறு போட்டால் சாப்பிட வேண்டும். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டதும், கூலிக் கணக்கைத் தவறவிட்டதும், போன வாரம் வந்த பேரனைத் தெரியாமல் விழித்ததும் 'வயசானா அப்படித்தான்' என்ற ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. ஆய்வாளர் கேட்கும்போது 'ஒரு குறையும் இல்லை' என்கிறோம். எதிர்பார்ப்பே இல்லாதவரிடம் இழப்பு தெரியாது.

இதில் வீட்டாரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. நோய் என்று சொன்னால் மருத்துவம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே சொல்வார்கள்?

கல்வி மறுப்பு இரண்டு முறை அடிக்கிறது

இதுவரை சொன்னதை வைத்து, 'படிக்காதவர்களுக்கு நோயே இல்லை, சோதனைதான் தவறு' என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. உண்மை அதைவிடக் கசப்பானது.

இளமையில் பெறும் கல்வி முதுமையில் மூளைக்குக் கையிருப்பாக நிற்கிறது. அதே அளவு பாதிப்பு மூளையில் ஏற்பட்டாலும், கையிருப்பு உள்ளவர் அதிக காலம் தாக்குப்பிடிக்கிறார் என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் களைந்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. அப்பட்டியலில் சிறுவயதுக் கல்விக் குறைவு இருக்கிறது. காது கேளாமை, பார்வை இழப்பு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, மனச்சோர்வு, காற்று மாசு, சமூகத் தனிமை ஆகியவையும் இருக்கின்றன.

பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். கண்புரைக்கு அறுவை செய்யாமல் விடப்பட்டவர் யார்? குப்பைமேட்டுக்கும் ஆலைப் புகைக்கும் பக்கத்தில் குடியமர்த்தப்பட்டவர் யார்? ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட குடியிருப்பை 'சமூகத் தனிமை' என்ற மருத்துவச் சொல் எவ்வளவு மென்மையாகச் சொல்கிறது!

ஆகவே கல்வி மறுப்பு இரண்டு முறை அடிக்கிறது. ஒருமுறை மூளையின் கையிருப்பைக் குறைக்கிறது. இன்னொருமுறை, சோதனை அட்டையின் முன் உட்காரவைத்து அவமானப்படுத்துகிறது.

சரி, இந்தக் கல்வி மறுப்பு எப்போது நடந்தது? ஆய்வறிக்கைகளில் 'பள்ளி ஆண்டுகள்: 0' என்று ஒரு கட்டம் இருக்கும். பிறவி அடையாளம் போல, உயரம், எடை போல அது எழுதப்பட்டிருக்கும். அந்தப் பூச்சியம் தானாக வந்ததில்லை.

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 10.27 விழுக்காடு. பட்டியல் சாதிப் பெண்களில் 3.29 விழுக்காடு. நூறு பெண்களில் மூன்று பேர். அன்று பத்து வயதில் இருந்த சிறுமிகள்தான் இன்று எழுபதைக் கடந்த மூதாட்டிகள். ஆய்வாளர் நீட்டும் அட்டையைப் பார்த்து விழிப்பவர்கள் அவர்கள்.

நம் மாநிலத்துக்கு வாருங்கள். 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளி மூன்று மணிநேரம். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி அதைத் தந்தை பெரியார் எதிர்த்தார். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அன்று தொடக்கப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் இன்று எண்பது வயதை ஒட்டியவர்கள். அந்தப் போராட்டத்தை நாம் வேலைவாய்ப்பு, இடஒதுக்கீடு என்ற கோணத்தில்தான் பேசிவந்திருக்கிறோம். அது மூளை நலத்துக்கான போராட்டமும்தான் என்று இன்றைய மருத்துவ அறிவு சொல்கிறது. ஒரு குழந்தையின் பள்ளி நேரத்தில் கைவைப்பவர், எழுபது ஆண்டு கழித்து அவரது நினைவிலும் கைவைக்கிறார்.

சமன்செய்தல் என்னும் கத்தி

'அப்படியானால் படிக்காதவர்களுக்கு வெட்டுப்புள்ளியைக் குறைத்துவிட்டால் போதாதா?' என்று கேட்கலாம். தேவையானதுதான். ஆனால் அந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கில் விளையாடித் தலையில் அடிபட்டு, பின்னாளில் மறதிநோய்க்கு ஆளான வீரர்களுக்கு இழப்பீடு தர ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இழப்பீட்டைத் தீர்மானிக்க மூளைத்திறன் சோதனை. அதில் கறுப்பின வீரர்களுக்கும் வெள்ளையின வீரர்களுக்கும் வெவ்வேறு அளவுகோல் வைத்தார்கள். கறுப்பினத்தவர் தொடக்கத்திலேயே குறைந்த மதிப்பெண் எடுப்பவர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் என்ன ஆனது? ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் வெள்ளையர் 'பாதிக்கப்பட்டவர்', கறுப்பர் 'அவருக்கு இது இயல்பு'. இழப்பீடு மறுக்கப்பட்ட இரண்டு முன்னாள் வீரர்கள் 2020இல் வழக்குத் தொடுத்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு, 2021இல் இந்த முறையைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது.

இதே ஆபத்து இங்கும் உண்டு. 'அந்தத் தெரு ஆட்களுக்கு இவ்வளவு ஞாபகம் இருந்தால் போதும்' என்று சொல்லும் வாய் நம் ஊரில் இல்லையா?

அதே அமெரிக்காவில் ஜெனிஃபர் மேன்லி என்ற நரம்பு உளவியலாளர் இன்னொரு கேள்வி கேட்டார். முதியவர்களின் இனத்தைக் குறித்துவிட்டு நிறுத்தாமல், அவர்களுடைய வாசிப்புத் திறனை அளந்தார். ஒரே எண்ணிக்கையில் பள்ளி ஆண்டுகள் இருந்தாலும், இனவாரியாகப் பிரிக்கப்பட்ட பள்ளியில் கிடைத்த கல்வியின் தரம் வேறு. வாசிப்புத் திறனைக் கணக்கில் எடுத்தபோது இரு இனத்து முதியவர்களின் மதிப்பெண் வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. இனத்தின் இயல்பு என்று எண்ணப்பட்டதில் பெரும்பகுதி, பள்ளியில் நடந்த அநீதி.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதை இரண்டு வரியில் சொல்கிறேன். நோயை அறியும்போது கல்வியைக் கணக்கில் எடு. அவரை நேற்றைய அவரோடு ஒப்பிடு. காரணத்தைத் தேடும்போது கல்வியைக் கழித்துவிடாதே. 'கல்வியையும் வருமானத்தையும் சமன்செய்து பார்த்தால் சாதி வேறுபாடு மறைகிறது, எனவே சாதிக்கு இதில் பங்கில்லை' என்று ஒரு கட்டுரை எழுதினால், அது கையை விட்டுவிட்டுக் கையில் இருந்த கத்தியை மட்டும் குற்றவாளியாக்குவது. சாதி வேலை செய்வதே கல்வி மறுப்பின் வழியாகத்தான்.

யார் முதுமை அடைகிறார்கள்?

இன்னொரு எண்ணையும் பாருங்கள். மும்பையின் பார்சி குடியிருப்புகளில் 14,010 பேரை வீடு வீடாக ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் நோய் லட்சத்துக்கு 328 பேருக்கு இருந்தது. நான் முன்பு சொன்ன பெங்களூரு ஆய்வில் லட்சத்துக்கு 33. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதிக்குக் காரணம், பார்சி சமூகத்தில் முதியவர்கள் மிக அதிகம் என்பது. பார்க்கின்சன் வர முதலில் முதுமை வர வேண்டும்.

அந்த முதுமையே நம் நாட்டில் சாதிப்படி பங்கிடப்படுகிறது. ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, பிறப்பின்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் உயர்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேலும் குறைவு என்று காட்டியது. ஆகவே 'அவர்களிடம் முதுமை நோய்கள் குறைவு' என்று எண்ணிக்கை சொன்னால், அந்த எண்ணிக்கைக்குள் இறந்துபோனவர்கள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இன்று நம்மிடம் முன்பைவிட நல்ல தரவு இருக்கிறது. 'லாசி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் முதியோர் பற்றிய தேசிய ஆய்வின் ஒரு பகுதியாக, 60 வயதைக் கடந்த 4,096 பேரின் நினைவுத்திறன் விரிவாகச் சோதிக்கப்பட்டது. 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படிப்பு குறையக் குறைய அதிகம்.

அந்த ஆய்வின் சுருக்கத்தில் வயது இருக்கிறது, கல்வி இருக்கிறது, பால் இருக்கிறது, ஊரகம், நகரம், மாநிலம் இருக்கின்றன. சாதி என்ற சொல் இல்லை. லாசி கணக்கெடுப்பில் சாதிப் பிரிவைக் கேட்கிறார்கள், தரவு இருக்கிறது. அதைத் தலைப்புக்குக் கொண்டுவர வேண்டும். 88 லட்சம் பேரில் எத்தனை பேர் பள்ளி வாசலில் தடுக்கப்பட்டவர்கள் என்று கேட்க இந்த நாட்டுக்கு உரிமை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கோரிக்கை. முதியோர் நலம் பற்றிய ஒவ்வொரு கணக்கெடுப்பும் நோயின் அளவைச் சாதிவாரியாக, அதிலும் பெண்களைத் தனியாக வெளியிட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மருந்து போகிறது. அந்த இரண்டுமே மறதிநோயின் காரணிகள் என்பதை இப்போது அறிவீர்கள். அதே வீட்டு வாசலில், எழுத்தறிவு தேவைப்படாத நினைவுச் சோதனையும், காது, கண் பரிசோதனையும் சேர வேண்டும்.

இரண்டாவது, உங்களில் மருத்துவமும் உளவியலும் புள்ளியியலும் சமூகப்பணியும் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். சோதனைக் கேள்விகளை உழைக்கும் மக்களின் வாழ்க்கையிலிருந்து எடுங்கள். நாற்று நட்டவரிடம் நடவைக் கேளுங்கள். துப்புரவுப் பணி செய்தவரிடம் அவர் நடந்த தெருக்களை வரிசையாகக் கேளுங்கள். மகளிர் குழுவில் இருந்தவரிடம் தவணையைக் கேளுங்கள். நூறில் ஏழு போனால் என்ன என்பதைவிட அவை அவர்களின் நினைவை நேர்மையாகக் காட்டும்.

மூன்றாவது, நம் வீடு. 'வயசானா அப்படித்தான்' என்ற வரியைக் கைவிடுங்கள். பழகிய பாதையைத் தவறவிடுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, செய்துவந்த வேலை செய்ய முடியாமல் போவது ஆகியவற்றைக் கண்டால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு போன்றவையும் மறதிபோலத் தோன்றும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. குணமாகாத மறதிநோயாக இருந்தால், கவனிப்புச் சுமையை வீட்டுப் பெண்கள் தலையில் மட்டும் ஏற்றாதீர்கள். ஆண் தோழர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்.

1848இல் புனேயில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் பூலேவும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது, அவர்கள் கண்முன் நின்றது எழுத்தறிவு, தன்மானம், விடுதலை. பள்ளிக்குப் போன குழந்தையின் முதுமையையும் அந்தப் பள்ளி காக்கும் என்று இன்று கூடுதலாக அறிகிறோம். எனவே இன்று ஓர் அரசுப் பள்ளி மூடப்படும்போது, ஒரு விடுதியில் பிள்ளைகள் இடைநிற்கும்போது, 2090இல் ஒரு முதியவரின் நினைவு பறிபோவதற்கான வேலை இப்போதே தொடங்கிவிட்டது என்று எண்ணுங்கள். அதைத் தடுக்கும் வேலையும் இப்போதே தொடங்க வேண்டியதுதான்.